காட்டுக்கு ஒரு வீட்டுக்காரர்

எங்க தெருவுல இருக்கற ஒரு அண்ணன் போன மாசம் தறிக்குடோனைப் பூட்டிட்டார். முப்பது வருசத்துக்கு மேல கூலிக்குக் காடா துணி ஓட்டினவர். எட்டுத் தறியும் பழைய இரும்பு விலைக்குப் போச்சு. (சோமனூர்ல இருக்கறவங்களுக்கு இது ஒண்ணும் புதுக் கதை இல்லை. கூலி உயர்வு, ஸ்ட்ரைக், பேச்சுவார்த்தை, மறுபடி ஸ்ட்ரைக்... அதைப் பத்தி இன்னொரு நாள் புலம்பிக்கலாம்.) பசங்க ரெண்டு பேரும் பெங்களூர்ல செட்டில் ஆயாச்சு. இனி என்னண்ணா பண்ணப் போறீங்கன்னு கேட்டேன்.

"தறிச் சத்தம் இல்லாம தூக்கமே வர மாட்டேங்குதுப்பா. எத்தனை நாளைக்கு டிவியே பாத்துட்டு உக்காந்திருக்கறது? வெள்ளியங்கிரிக்கு வருசா வருசம் ஏறறோம். பேசாம அங்க போயி ஒரு மாசம் ரெண்டு மாசம் தங்கி ஏதாவது சேவை பண்ணலாம்னு இருக்கேன். குப்பையாவது அள்ளலாமில்ல?" அப்படின்னார்.

'நல்ல விஷயம்ணா, போயிட்டு வாங்க'ன்னு சொல்லியிருக்கலாம். ஆனா எனக்கு டக்குன்னு வாய் வரலை. காரணம் ரெண்டு. ஒண்ணு, 2019ல அமெரிக்காவுல நான் பாத்தது. இன்னொண்ணு, 2022ல வெள்ளியங்கிரி அடிவாரத்துல நாங்களே பண்ணின கூத்து. ரெண்டையும் சொல்லிட்டு அப்புறம் என் கருத்தைச் சொல்றேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

முதல்ல அமெரிக்கா. பொண்ணு பிரசவத்துக்காக நானும் வீட்டம்மாவும் கலிஃபோர்னியா போயிருந்தோம். குழந்தைக்கு ஆறு மாசம் ஆனதும், மாப்பிள்ளை எங்களை யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனார். ரெண்டு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கறதா ஏற்பாடு. பெரிய பெரிய பாறை, அருவி, வானத்தைத் தொடற மரம் எல்லாம் இருக்கு. அதையெல்லாம் போட்டோவுல நீங்களே பாத்திருப்பீங்க. எனக்கு மனசுல நின்னது அதுங்க இல்லை. டென்ட் போடற இடத்துக்குள்ள நுழைஞ்ச உடனே ஒரு டிரெய்லர் வண்டி நின்னுட்டிருந்தது. பக்கத்துல 'கேம்ப் ஹோஸ்ட்'னு ஒரு பலகை. வண்டிக்கு முன்னாடி ரெண்டு மடக்கு நாற்காலி, ஒரு பூந்தொட்டி. எழுபது வயசு மதிக்கத்தக்க ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் உக்காந்திருந்தாங்க.

சாயங்காலம் அந்தப் பெரியவர் நடந்தே எங்க இடத்துக்கு வந்தார். வணக்கம் சொன்னார், குழந்தையைக் கொஞ்சினார். அப்புறம் மெதுவா எங்க கார் பக்கம் பாத்தார். உள்ள முறுக்கு, புளிசாதம், இட்லிப்பொடி எல்லாம் இருந்தது. ஒவ்வொரு டென்ட் பக்கத்துலயும் ஒரு இரும்புப் பெட்டி வெச்சிருக்காங்க, சாப்பாட்டு சாமான் பூராவும் அதுக்குள்ளதான் வெக்கணுமாம். இல்லாட்டி ராத்திரி கரடி வந்து கார் கதவையே கழட்டிருமாம். பல்லு விளக்கற பேஸ்ட், சோப்பு கூட உள்ள போகணும்னுட்டார், வாசனை வருதில்ல, அதுக்கு. "பேஸ்ட்டையுமா கரடி திங்கும்?"னு எங்க வீட்டம்மா தமிழ்ல கேட்டதுக்கு, புரிஞ்ச மாதிரி அவரும் சிரிச்சார். நாங்க எல்லாத்தையும் எடுத்து உள்ள வெக்கற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போனார். அதட்டலை, மிரட்டலை. எங்க சித்தப்பா தோட்டத்துக்குப் போனா, "அந்தப் பக்கம் போகாதீங்க, கிணத்துக்குச் சுவரில்லை"ன்னு சொல்வாரே, அந்த மாதிரி சொன்னார்.

அடுத்த நாள் காலையில இன்னொண்ணு பாத்தேன். பக்கத்து டென்ட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போனதும் பெரியவர் ஒரு வாளித் தண்ணியோட வந்தார். அவங்க தீ மூட்டின இடத்துல சாம்பலைக் குச்சியால கிளறினார். உள்ள கங்கு கிடந்தது. தண்ணிய ஊத்தி, மறுபடி கிளறி, மறுபடி ஊத்தி, கடைசியா புறங்கையைச் சாம்பல் கிட்ட வெச்சுப் பாத்தார். சூடு இல்லைன்னு தெரிஞ்சப்புறம்தான் நகர்ந்தார்.

மாப்பிள்ளை மூலமா அவர் கிட்டப் பேச்சுக் குடுத்தேன். பஸ் டிரைவரா இருந்து ரிடையர் ஆனவராம். சம்பளம் கிடையாது. தங்கற இடம், கரண்ட், தண்ணி இலவசம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம்னு கணக்கு (பெரும்பாலான இடத்துல 20லிருந்து 30 மணி நேரம் வரும்னாங்க). ஒரு சீசன் முழுக்க அங்கயே இருக்கணும். அபராதம் போடற அதிகாரம் கிடையாது, ஆளை வெளிய அனுப்பவும் முடியாது. பிரச்சினைன்னா வயர்லெஸ்ல ரேஞ்சரைக் கூப்பிடணும், அவ்வளவுதான். எதுக்குங்க இந்த வயசுல இதுன்னு கேட்டேன். "வீட்டுல இருந்தா டிவி பாத்துட்டு இருப்பேன்" அப்படின்னார். (எங்க தெரு அண்ணன் சொன்னதும் இதேதான். பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் போனாலும் டிவி டிவிதான்.)

திரும்பி வர்றப்போ யோசிச்சுப் பாத்தேன். போலீஸ் இல்லை, கேமரா இல்லை. ஆனா அந்த இடம் சுத்தமா இருந்துச்சு, ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தமே இல்லை. ஏன்னா அங்க ஒருத்தர் குடியிருக்கார். திண்ணையில வீட்டுக்காரர் உக்காந்திருக்கற வீட்டுக்குள்ள போறப்போ நாம தன்னால செருப்பைக் கழட்டிட்டுத்தானே போவோம்? பூட்டிக் கிடக்கற வீட்டுத் திண்ணையிலதான் வெத்தலை எச்சில் துப்புவோம்.

சரி, இப்ப நம்ம கூத்து.

ஊருக்கு வந்து இதையெல்லாம் நண்பர்கள்கிட்டச் சொல்லிச் சொல்லி நானே ஒரு குழுவைச் சேத்துட்டேன். கொரோனாவெல்லாம் ஓஞ்சு, 2022 மே மாசம் சீசன் முடியற நேரத்துல, வெள்ளியங்கிரிக்கு 'தூய்மைப் பணி'. 22 பேர், ரெண்டு வேன். முறையா அனுமதி வாங்கினோம். டி-சர்ட் அடிச்சோம். (திருப்பூர் பக்கத்துல இருந்துட்டு டி-சர்ட் இல்லாம சேவையா?) பேனரும் உண்டு.

வெள்ளியங்கிரி போகாதவங்களுக்காக ஒரு வார்த்தை. கோவைக்கு மேற்க பூண்டி அடிவாரம். அங்கிருந்து ஏழு மலை ஏறி இறங்கினா உச்சியில சுயம்பு லிங்கம். பிப்ரவரியில இருந்து மே வரைக்கும்தான் ஏற விடுவாங்க. மூங்கில் தடி ஒண்ணைக் கையில பிடிச்சுட்டு, ராத்திரி ஏற ஆரம்பிச்சு விடியக்காலம் உச்சிக்குப் போறதுதான் பலரோட வழக்கம். சிவராத்திரி, சித்ரா பௌர்ணமின்னா கால் வெக்க இடமிருக்காது. அடிவாரத்துல வனத்துறை பையைச் சோதிச்சு பிளாஸ்டிக்கை வாங்கி வெச்சுக்குவாங்க. தண்ணி பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குவாங்க, பாட்டிலைத் திரும்பக் கொண்டு வந்தா பணம் வாபஸ். அப்படியும் மேல போய்ச் சேர்ற குப்பை கொஞ்சநஞ்சமில்லை.

காலையில இருந்து மாங்கு மாங்குன்னு அள்ளினோம். 14 சாக்கு தேறுச்சு. முதுகுல சுமந்து இறக்கறதுக்குள்ள முழங்கால் கழண்டுருச்சு. அடிவாரம் வந்து சேர்றப்போ இருட்டிருச்சு. குப்பை வண்டிக்கு யாரும் சொல்லி வெக்கலை. 'நாளைக்கு வந்து எடுத்துக்குவாங்க'ன்னு நாங்களே முடிவு பண்ணி, ரோட்டோரமா ஒரு பள்ளத்துப் பக்கம் சாக்குகளை வரிசையா அடுக்கினோம். முன்னாடி நின்னு போட்டோ எடுத்தோம். வேன் ஏறினோம். அந்த ராத்திரி எனக்கு வந்த தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் அப்புறம் வரவே இல்லை. அவ்வளவு திருப்தி.

சமையல் பாத்திரம் ஒண்ணை அங்கயே விட்டுட்டு வந்துட்டோம். நாலு நாள் கழிச்சு அதை எடுக்க நான் மட்டும் போனேன். போய்ப் பாத்தா... சாக்கு எல்லாம் கிழிஞ்சு கிடக்கு. காட்டுப்பன்னி, குரங்கு எல்லாம் வந்து விருந்து சாப்பிட்டுப் போயிருக்கு. பள்ளம் முழுக்க பிளாஸ்டிக் கவர். பக்கத்துல யானை லத்தி. அந்த லத்திக்குள்ளயும் ஒரு பிஸ்கட் கவர் பளபளன்னு தெரிஞ்சுது. ஒருத்தர் குனிஞ்சு வெறும் கையால ஒவ்வொண்ணா பொறுக்கிட்டிருந்தார். தினக்கூலிக்கு வேலை பாக்கற வாட்சர், பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புக்காரர். நாங்க போட்ட சாக்குதான்னு ஒத்துக்கிட்டேன். அவர் கோபப்படலை. நிமிர்ந்து பாத்துட்டு சொன்னார்:

"நீங்க அள்ளாம இருந்திருந்தா இது மலை மேல பாறை இடுக்குலயே கெடந்திருக்கும் சாமி. இப்ப யானை வர்ற வழியில கெடக்குது."

அதுக்கு மேல அவர் ஒண்ணும் சொல்லலை. நான் ரெண்டு மணி நேரம் கூட நின்னு பொறுக்கிக் குடுத்தேன். அந்த ரெண்டு மணி நேரத்துல நான் கத்துக்கிட்டது, 22 பேரும் சேர்ந்து அந்த ஒரு நாள் முழுக்கக் கத்துக்கலை. யானை எந்தப் பள்ளத்து வழியா தண்ணிக்கு இறங்கும், பஞ்சாயத்து வண்டி எது வரைக்கும் வரும், எந்தக் கிழமை வரும், சாக்கை எங்க வெச்சா பன்னி தொடாது, எல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருந்தது. நாங்க போன அன்னிக்கே அவர் அங்கதான் இருந்திருக்கார். எங்க 22 பேர்ல ஒருத்தருக்குக் கூட அவர்கிட்டக் கேக்கணும்னு தோணலை.

யோசெமிட்டி பெரியவருக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இதுதான். அவர் தங்கியிருந்தார், நாங்க வந்துட்டுப் போனோம். அவர் ஒருத்தர் சொல்படி நடந்தார், நாங்க எங்க இஷ்டத்துக்குப் பண்ணினோம். உண்மையைச் சொன்னா, அந்த ஞாயித்துக்கிழமை நாங்க சேவை பண்ணினது எங்களுக்குத்தான்.

அப்ப நம்ம ஊர்லயும் அதே மாதிரி ரிடையர் ஆனவங்களைக் கொண்டுபோய்க் காட்டோரம் உக்கார வெச்சா சரியாப் போயிருமா? முதல்ல நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறமேட்டுக்கு யோசெமிட்டி பத்திக் கொஞ்சம் படிச்சேன். படிச்சதுல இருந்து எண்ணம் மாறிப்போச்சு.

அந்தப் பள்ளத்தாக்குல காலங்காலமா அவாநீச்சின்னு ஒரு பழங்குடி மக்கள் இருந்தாங்க. 1851ல, தங்கம் தேடி ஆளுங்க குவிஞ்ச காலத்துல, ஆயுதப்படை ஒண்ணு உள்ள புகுந்து அவங்களைத் துரத்துச்சு. கொஞ்ச பேர் திரும்பி வந்து, பூங்காவுக்குள்ளயே கூலி வேலை பாத்துட்டு ஒரு சின்ன குடியிருப்புல இருந்தாங்க. 1969ல அந்தக் கடைசி வீடுகளையும் இடிச்சாச்சு. அதுக்கு அடுத்த வருசம், 1970ல, தேசியப் பூங்காக்கள்ல சம்பளமில்லாத தன்னார்வலர்களைச் சேத்துக்கறதுக்குச் சட்டம் வருது.

ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்குன்னு நான் சொல்லலை. ஆனா வருசத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. வீட்டுக்காரங்களை வெளிய அனுப்பிட்டாங்க, அப்புறம் திண்ணையில உக்கார விருந்தாளிகளுக்குள்ளயே ஒருத்தரைத் தேடறாங்க. அந்தப் பெரியவர் தங்கமான மனுசர், அதுல சந்தேகமே இல்லை. ஆனாலும் அவர் அந்தக் காட்டுக்கு வாடகைக்கு வந்தவர்தான்.

நம்மளுக்கு அந்தக் கஷ்டம் இல்லீங்க. நம்ம மலைகள்ல வீட்டுக்காரங்க இன்னும் இருக்காங்க. வெள்ளியங்கிரி அடிவாரத்துல தாணிக்கண்டி, முள்ளாங்காடுன்னு பழங்குடிக் குடியிருப்புகள் இருக்கு. ஆனைமலையில காடர், மலசர், முதுவர், புலையர் எல்லாம் இருக்காங்க. அவங்களுக்குக் காட்டுல உரிமை உண்டுன்னு 2006ல மத்திய அரசு சட்டமே போட்டிருக்கு. நாம அவங்களைப் பாக்கறப்போ வாட்சர்னு பாக்கறோம், கூலியாள்னு பாக்கறோம். மலைக்கு வீட்டுக்காரங்கன்னு பாக்கறதில்லை.

அப்படிப் பாத்தா எப்படி இருக்கும்ங்கறதுக்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை, காரமடை தாண்டினாலே போதும். பரளிக்காடு. வெள்ளியங்காடு வழியா மலை ஏறினா பில்லூர் அணையோட தண்ணி தேங்கி நிக்கற இடம். வனத்துறையும் அங்க இருக்கற பழங்குடி மக்களும் சேர்ந்து 2007ல சூழல் சுற்றுலா ஆரம்பிச்சாங்க. சனி, ஞாயிறு மட்டும், முன்கூட்டியே பதிவு பண்ணினவங்களுக்கு மட்டும்னு வெச்சாங்க. நாங்க குடும்பத்தோட போயிருந்தோம். போன உடனே சுக்குக் காப்பி குடுத்தாங்க. அந்த ஊர்க்காரங்களே பரிசல் ஓட்டினாங்க. மத்தியானம் ஊர்ப் பெண்கள் சமைச்ச சாப்பாடு, களி உருண்டையும் கோழிக் குழம்பும். அப்புறம் அத்திக்கடவு ஆத்துல குளியல்.

அங்க ஒரு சின்ன விஷயம். எங்க கூட வந்த பையன் ஒருத்தன் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சான். பரிமாறிட்டிருந்த அக்கா, "கண்ணு, அந்தக் கவரை இங்க குடு, நான் வெச்சுக்கறேன்" அப்படின்னு கையை நீட்டினாங்க. அவன் பேசாம குடுத்துட்டான். அதுக்கப்புறம் எங்க குரூப்ல ஒருத்தரும் ஒரு பேப்பரைக் கூடக் கீழ போடலை. சோறு போடற கை நீட்டிக் கேட்டா மறுக்க முடியுமா? யோசெமிட்டி பெரியவர் செய்யற வேலையை அந்த அக்கா செஞ்சாங்க. ஆனா அவங்க விருந்தாளி இல்லை, அது அவங்க ஊர். அதுக்குக் கூலியும் வாங்கறாங்க. அதான் முக்கியம்.

இது ஏதோ குப்பை, சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும்னு நினைச்சுராதீங்க. உயிர் சம்பந்தப்பட்டது. 2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போன ரெண்டு குழு கொழுக்குமலையில இருந்து இறங்கறப்போ காட்டுத்தீயில மாட்டினாங்க. ஒரு குழு சென்னையில இருந்து போனது. இன்னொண்ணு நம்ம ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துல இருந்து போனது. மொத்தம் 23 பேர் போயிட்டாங்க. அந்த வாரம் நம்ம பக்கத்து டீக்கடைகள்ல வேற பேச்சே இல்லை, நினைவிருக்கும். யார் மேல தப்புன்னு நான் பேச வரலை. அதுக்கப்புறம் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டு வந்துச்சு. ஆனா எந்த மாசம் புல்லு காஞ்சு கிடக்கும், எந்த நேரத்துல காத்து திரும்பும், தீ வந்தா எந்தப் பக்கம் ஓடணும்ங்கறதெல்லாம் விதிப் புத்தகத்துல மட்டும் இருந்தா பத்தாது. அந்த மலையில தினமும் தூங்கி எழுந்திரிக்கற ஒருத்தர் வழியில நிக்கணும். "இன்னிக்கு வேண்டாம், திரும்பிப் போங்க"ன்னு அவர் சொன்னா நாம கேக்கணும். புறங்கையைச் சாம்பல் மேல வெச்சுப் பாத்த அந்தப் பெரியவர் எனக்கு ஞாபகம் வர்றது இதனாலதான்.

வெள்ளியங்கிரியிலயும் இதே கதைதான். 2024 சீசன்ல மூச்சுத் திணறல், மாரடைப்புன்னு பல பேர் மலையிலேயே இறந்தாங்க. இதய நோய் இருக்கறவங்க ஏறாதீங்கன்னு வனத்துறை சொல்லிட்டேதான் இருக்கு. போர்டைப் படிச்சுட்டுத் திரும்பின பக்தரை நான் பாத்ததே இல்லை. ஆனா அடிவாரத்துல ஒருத்தர் உக்காந்து, "சாமி, மூச்சு வாங்குதே, கொஞ்சம் உக்காருங்க, மாத்திரை போட்டுட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டா? பத்துல ரெண்டு பேராவது நின்னு யோசிப்பாங்க.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல ஒரு மலையேற்றத் திட்டம் ஆரம்பிச்சாங்க. 14 மாவட்டத்துல 40 வழி. நம்ம பக்கத்துல டாப்சிலிப், ஆழியாறு, சாடிவயல் எல்லாம் அதுல உண்டு. காட்டோரக் கிராமத்து, பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி குடுத்து அவங்களையே வழிகாட்டியாப் போட்டிருக்காங்க. கட்டணம் அதிகம்னு பலரும் திட்டினாங்க. நானும் முதல்ல திட்டினேன். ஆனா வழி தெரிஞ்சவனுக்குக் கூலி குடுத்து, அவன் பின்னாடி நடக்கறதுங்கற அந்த அடிப்படை சரின்னுதான் இப்பத் தோணுது. பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்துலயும் ரொம்ப வருசமா அப்படித்தான், உள்ள சுத்திப் பாக்கப் போனா பழங்குடி வழிகாட்டி கூட வருவார்.

ஆக, என் கருத்து இதுதான். நம்ம மலைகளுக்குக் 'கேம்ப் ஹோஸ்ட்' கண்டிப்பா வேணும். ஆனா அந்த நாற்காலி நம்மளுக்கு இல்லை.

1. ஒவ்வொரு மலை அடிவாரத்துலயும், தங்கற இடத்துலயும் அந்த ஊர்ப் பழங்குடிக் குடும்பத்துல இருந்து ஒருத்தர் வீட்டுக்காரரா இருக்கணும். தினக்கூலியா இல்லை, மாசச் சம்பளத்தோட. 'இன்னிக்கு ஏற வேண்டாம்'னு சொல்ற அதிகாரத்தோட.

2. நம்மளை மாதிரி ஊருக்குள்ள இருந்து போறவங்க அவருக்குக் கீழ வேலை செய்யணும். பையைச் சோதிக்கறது, தண்ணி குடுக்கறது, வயசானவங்களை உக்கார வெச்சுப் பேசறது, சாக்கை வண்டி வர்ற இடம் வரைக்கும் சுமக்கறது. ஏழாவது மலையில இல்லை, அடிவாரத்துல.

3. ஒரு நாள் கூத்து வேண்டாம். குறைஞ்சது பத்து நாள் சேர்ந்தாப்ல தங்க முடிஞ்சவங்க மட்டும் போகணும். முதல் ரெண்டு நாள் ஒண்ணும் செய்யாம சும்மா பாத்துட்டிருக்கணும்.

4. இது யாரோட சம்பளத்தையும் பறிக்கக் கூடாது. 'அதான் சும்மா செய்ய ஆள் இருக்கே'ன்னு ஒரு வாட்சரை நிறுத்தினா அன்னிக்கே நாம மூட்டையைக் கட்டிரணும். சும்மா வேலை செய்யறவன் பக்கத்துல நின்னா கூலிக்காரன் கூலி இறங்கும். இதைத் தறிக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"நம்ம ஊர்ல பத்து நாள் எவன் சும்மா வேலை செய்வான்?" இதுதான் எல்லாரும் கேக்கறது. அட, தைப்பூசத்துக்குப் பழனி போற ரோட்டைப் பாத்ததில்லையா நீங்க? பாதயாத்திரை போறவங்களுக்கு ராத்திரி பகலா பந்தல் போட்டு, மோர் குடுத்து, சோறு போட்டு, கொப்புளம் வந்த காலுக்கு எண்ணெய் தேச்சு விடறாங்களே, அவங்களுக்கெல்லாம் யார் சம்பளம் குடுக்கறா? வர்றவனை உக்கார வெச்சு உபசரிக்கறது நம்ம ஆளுகளுக்குப் புதுசே இல்லை. அந்தப் பந்தலைக் கொஞ்சம் மேற்க நகர்த்தணும், அதோட பந்தலுக்கு முதலாளி நாம இல்லைன்னு ஒத்துக்கணும். ரெண்டாவதுதான் கஷ்டம்.

இன்னொரு கேள்வியும் வரும். சோமனூர்க்காரனுக்கு வெள்ளியங்கிரியில என்ன வேலை? நம்ம நொய்யல் பிறக்கறதே அங்கதானுங்க. அந்த மலையில விழுற மழைதான் பேரூர் வழியா, சூலூர் வழியா இறங்கி நம்ம சாமளாபுரம் குளத்துக்கு வரணும். அதுக்கும் கீழ திருப்பூர்ல அந்த ஆத்துக்கு நாம என்ன பண்ணினோம், ஒரத்துப்பாளையம் அணை என்ன கதிக்கு ஆச்சு, 2011ல சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போடற அளவுக்கு எப்படிப் போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். கீழ கெடுத்ததுக்குப் பிராயச்சித்தமா மேலயாவது போய் ஒழுங்கா உக்காரலாம்.

எங்க தெரு அண்ணன்கிட்ட இதையெல்லாம் ஒரு வாரமா சொல்லி முடிச்சேன். பாவம், பொறுமையாக் கேட்டார். கடைசியா, "போங்கண்ணா, ஆனா போன உடனே சாக்கைத் தேடாதீங்க. அங்க இருக்கற வாட்சர் உங்களை விட இருபது வயசு சின்னவரா இருப்பார். அவர்கிட்டப் போயி 'நான் என்ன பண்ணட்டும்'னு கேளுங்க. உக்காருன்னா உக்காருங்க. முடியுமா?"ன்னேன்.

அண்ணன் சிரிச்சார். "முப்பது வருசம் கூலிக்கு ஓட்டினவன்ப்பா நான். பாவு அவங்குது, நூல் அவங்குது, எத்தனை பிக்குன்னு சொல்றவனும் அவன். அவன் சொன்ன மாதிரி ஓட்டிக் குடுக்கறதுதானே நம்ம பொழப்பு. இது வராமப் போயிருமா?"

பிப்ரவரியில மலை திறக்கறப்போ அவர் கூட நானும் போறதா இருக்கேன். பத்து நாள், அடிவாரத்துல. அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கோம். யாராவது வர்றதா இருந்தா சொல்லுங்க.

டி-சர்ட் கிடையாது.